ஈபே விற்றது நல்லதற்குத்தான்

ஒரு பெரிய கம்பெனி, தான் எப்போதோ வாங்கிப் போட்ட இணையச் சேவையை விற்கப் போகிறதாம் என்று செய்தி கசிந்தால் போதும், அதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் அன்றைக்கே ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. வாங்கியவனுக்கு அது எதற்கென்றே தெரியாமல் போய்விட்டால், விற்பதுதான் அவன் அதற்குச் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம். விற்காமல், வளர்க்காமல், ஆளையும் கொடுக்காமல் ஓரமாகப் போட்டு வைத்து, ஒரு நாள் 'நன்றி, வணக்கம்' என்று பூட்டிவிட்டுப் போவதுதான் கொடுமை. 2025 ஜூலை 8-ஆம் தேதி ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா, பிறகு படிக்கலாம் என்று பக்கங்களைச் சேமித்து வைக்க உதவிய பாக்கெட் சேவையை மூடியது. 2017-இல் வாங்கினார்கள், எட்டு வருடம் வைத்திருந்தார்கள், மூடிவிட்டார்கள். அதிலிருந்து என் சுட்டிகளை (லிங்க்) இறக்கி எடுத்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஸ்டம்பிள்அப்பான் என்ற இணையச் சேவையும், அதை ஈபே என்ற இணையச் சந்தைக் கம்பெனி விற்கப் பார்க்கிறது என்று பேச்சு அடிபட்ட 2008 செப்டம்பரும்தான்.

இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்டம்பிள்அப்பான் என்றால் என்னவென்று தெரியாது. ஃபயர்ஃபாக்ஸின் மேலே ஒரு பட்டை வந்து உட்காரும். சேரும்போதே உங்களுக்கு என்னென்ன பிடிக்கும் என்று ஒரு நீளமான பட்டியலைக் காட்டி டிக் அடிக்கச் சொல்வார்கள்: வானவியல், சமையல், மோட்டார் சைக்கிள், கணக்கு, பழைய புகைப்படம், இப்படி. அதற்குப் பிறகு ஒரே ஒரு பட்டன்தான். அழுத்தினால் உலகத்தில் எங்கோ யாரோ உண்டாக்கி வைத்த ஒரு பக்கம் திறக்கும். பிடித்தால் கட்டைவிரல் மேலே, பிடிக்காவிட்டால் கீழே. நீங்கள் மேலே காட்டிய பக்கங்களுக்கு வேறு யாரெல்லாம் மேலே காட்டியிருக்கிறார்களோ, அவர்களுக்குப் பிடித்த மற்ற பக்கங்கள் அடுத்தடுத்து உங்கள் பக்கம் வரும். அவ்வளவுதான் சூட்சுமம். தேட வேண்டாம், எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம், என்ன வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவும் வேண்டாம். கனடாவின் கால்கரியில் காரெட் கேம்ப் என்பவரும் அவருடைய நண்பர்களும் 2001 வாக்கில் தொடங்கியது. கேம்ப் அப்போது அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரியில் ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் பெரியப்பா மகன், அண்ணன், ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வாடகைக்கு எடுத்த கடை, வரிசையாக சிஸ்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு, கல்லா மேஜைக்குப் பின்னால் யூபிஎஸ். 2008-இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த யூபிஎஸ் போடும் கீச்சுச் சத்தம் கேட்டதும் எல்லோரும் அவசர அவசரமாக சேவ் செய்வார்கள். பரீட்சை ரிசல்ட், ஹால் டிக்கெட், வேலை விண்ணப்பம், இதற்குத்தான் ஆட்கள் வருவார்கள். வேலை முடிந்தும் மணிக்கணக்கில் பாக்கி நேரம் இருக்கும், காசு கொடுத்தாகிவிட்டது, என்ன செய்வதென்று தெரியாது. அண்ணன் எல்லா சிஸ்டத்திலும் ஸ்டம்பிள்அப்பான் பட்டையைப் போட்டு ஒரே ஐடியில் லாகின் செய்து வைத்திருந்தார். 'என்ன பாக்கறதுன்னு தெரியலையா, அந்த பட்டனை அமுத்து' என்பார்.

இதில் என்ன நடந்தது என்றால், அந்த ஒரே கணக்குக்குள் ஊரில் பாதிப் பேருடைய ரசனை கலந்துவிட்டது. பாலிடெக்னிக் பையன்கள் பைக்குகளுக்கு மேலே காட்டுவார்கள். பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் சனிக்கோளின் வளையப் படங்கள் எங்கே வந்தாலும் மேலே காட்டிவிட்டுத்தான் எழுந்து போவாள். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து தக்காளி போடுகிற ஒருவர் மகனுடைய விண்ணப்பத்துக்காக வந்தவர், சொட்டுநீர்க் குழாய் போடும் முறையைப் படம் படமாகக் காட்டிய ஒரு வெளிநாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஷ் வராது, படத்தைப் பார்த்தே வால்வு எங்கே வருகிறது, வடிகட்டி எங்கே வருகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் வரைந்துகொண்டு போனார். ராத்திரி கடை சாத்திய பிறகு நான் உட்கார்ந்து அமுக்கினால் ஒரு தொலைநோக்கி, அடுத்து ஒரு தோட்டம், அப்புறம் ஒரு என்ஜினைப் பிரித்துப் போட்ட படம் என்று வரும். பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராத ஒரு திட்டம் இருந்ததால், கனமான பக்கங்களை எல்லாம் அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைப்போம். எந்தத் தேடுபொறியும் எனக்கு அப்படி ஒரு இணையத்தைக் காட்டியதில்லை. யாரோ ஒரு மனுஷன் பார்த்து, நல்லா இருக்கிறது என்று சொன்ன பக்கங்கள் மட்டுமே வரிசையாக வந்துகொண்டிருந்தன.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தச் சேவையின் மதிப்பு எங்கே இருந்தது? பட்டனில் இல்லை. பட்டையை எழுதிய நிரலிலும் முழுதாக இல்லை. கிருஷ்ணகிரியிலும் கால்கரியிலும் இன்னும் ஆயிரம் ஊர்களிலும் உட்கார்ந்து மேலே, கீழே என்று சொல்லிக்கொண்டிருந்த விரல்களில் இருந்தது. 2007 மே மாதம் ஈபே 75 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது உண்மையில் அதைத்தான்.

ஏன் வாங்கியது? ஈபே என்பது ஏலச் சந்தை. விற்கிறவர் பொருளைப் பட்டியலிடக் கட்டணம், விற்றால் அதில் ஒரு பங்கு, அப்போது ஈபேயிடமே இருந்த பேபால் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாகப் பணம் போனால் அதிலும் கொஞ்சம். லட்சக்கணக்கான பொருட்கள் கிடக்கிற இடத்தில் 'நீ தேடாத, ஆனால் உனக்குப் பிடிக்கிற' பொருளைக் காட்ட முடிந்தால் வியாபாரம் பெருகும் என்று நினைத்திருக்கலாம்; யோசனையாகப் பார்த்தால் தப்பே இல்லை. ஆனால் நாங்கள் பயன்படுத்திய பட்டையில், ஈபே வாங்கியதற்கான அடையாளமே பெரிதாகத் தெரியவில்லை. ஸ்டம்பிள்அப்பானின் வருமானமும் வேறு வகை: நடுநடுவே விளம்பரதாரரின் பக்கம் ஒன்று வரும், ஒருவர் பார்த்தால் 5 சென்ட் என்கிற மாதிரியான கணக்கு. கோடிக்கணக்கில் ஏலம் நடத்துகிற கம்பெனியின் கூட்டத்தில் இந்த 5 சென்ட் கணக்கைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருக்கும்?

இதற்கு முன்னால் ஸ்கைப் கதை வேறு. 2005-இல் சுமார் 2.6 பில்லியன் டாலருக்கு இணையம் வழியாகப் பேசிக்கொள்ளும் ஸ்கைப் சேவையை ஈபே வாங்கியது, வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசிக்கொள்ள உதவும் என்று. யாரும் அதற்காகப் பேசிக்கொள்ளவில்லை. 2007 அக்டோபரில் அந்த வகையில் 1.4 பில்லியன் டாலரைச் செலவாகக் கணக்கில் காட்ட வேண்டி வந்தது. 2008-இல் தலைமையும் மாறியது, மெக் விட்மன் போய் ஜான் டொனஹோ வந்தார். புதிதாக வருகிறவர் முதலில் என்ன செய்வார்? வீட்டில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பார். ஸ்டம்பிள்அப்பானுக்கு வாங்க ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தி வந்தது அந்த வருடம் செப்டம்பரில்.

நான் பதறிப்போய் அண்ணனிடம் சொன்னேன்.

'அண்ணா, ஈபேக்காரங்க இதை விக்கப் போறாங்களாம்.'

'வித்தா நமக்கென்னடா? நாளைக்கு காலையில பட்டன் அமுத்தினா பக்கம் வருமா, வராதா? அதைச் சொல்லு மொதல்ல.'

'அது வாங்கறவங்களைப் பொறுத்ததுண்ணா.'

'அப்போ யார் வாங்கறாங்கன்னு பாரு. யார் விக்கறாங்கன்னு எதுக்குப் பாக்கற.'

அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு முழுசாக விளங்கவில்லை. இப்போது யோசித்தால் இந்த விஷயத்தில் இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது என்று தோன்றுகிறது.

எங்கள் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு தோப்பை, நிலம் விலை ஏறும் என்று வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போட்டார். அவருக்கு மரம் தேவையில்லை, பத்திரம்தான் தேவை. கவாத்து கிடையாது, பூ எடுக்கும்போது மருந்து கிடையாது, கிணற்று மோட்டார் துரு ஏறிக் கிடந்தது. மரத்தை யாரும் வெட்டவில்லை, காயும் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கூழ் ஆலைக்காரர் திரும்பிப் பார்க்காத அளவுக்குச் சிறுத்துப்போனது. பிறகு அவர் பழைய குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்தார். இரண்டு பருவம் கழித்துப் போய்ப் பாருங்கள், பெங்களூரா காய் கை நிறைய நிற்கிறது. அந்த வெளியூர்க்காரர் கெட்டவர் இல்லை. அவருடைய வேலை அது இல்லை, அவ்வளவுதான்.

ஸ்டம்பிள்அப்பானுக்கும் அதேதான் நடந்தது. 2009 ஏப்ரலில் காரெட் கேம்ப்பும் உடன் நிறுவிய ஜெஃப் ஸ்மித்தும் முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு ஈபேயிடமிருந்து தங்கள் கம்பெனியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பணம் போட்டவர்களில் ஒருவர் ராம் ஸ்ரீராம். சென்னை லயோலாவில் கணிதம் படித்தவர், கூகுளில் ஆரம்ப காலத்திலேயே பணம் போட்டு அதன் இயக்குநர் குழுவிலும் இருப்பவர். ஈபே வாங்குவதற்கு முன்பே ஸ்டம்பிள்அப்பானிலும் முதலீடு செய்திருந்தவர் என்பதால் அவருக்கும் இது தெரிந்த தோட்டம்தான். மறுநாளே ஸ்கைப்பையும் தனியாகப் பிரிக்கப் போவதாக ஈபே அறிவித்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் சொன்னதிலிருந்தே தெரிகிறது, அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்று. நான் அந்த முடிவை மதிக்கிறேன். ஒரு பெரிய கம்பெனி 'இது எங்களுக்குச் சரிப்படவில்லை' என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, உண்டாக்கியவன் கையிலேயே கொடுப்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

பலன் என்ன என்று கேட்டால், 2011-இல் 17 மில்லியன் டாலர் புது முதலீடு வந்தது. அதே வருடம், இணையத்தில் யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று அளக்கும் ஸ்டாட்கவுண்டர் கணக்கின்படி, அமெரிக்காவில் சமூக ஊடகங்கள் வழியாக மற்ற தளங்களுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் வரை ஸ்டம்பிள்அப்பானிலிருந்து போனார்கள், ஃபேஸ்புக்கையே முந்தி. சின்னச் சின்னத் தளம் வைத்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து நின்ற காலம் அது. ஈபேயின் அலமாரியில் கிடந்திருந்தால் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் உண்டாக்கியவன் கைக்கு வந்துவிட்டாலே எல்லாம் சுபம் என்றும் சொல்ல மாட்டேன். 2011 கடைசியில் வந்த மாற்றத்தில், பயனர்கள் தங்கள் பக்கத்தில் எழுதி, அலங்கரித்து வைத்திருந்த வசதிகளை எடுத்துவிட்டார்கள். அங்கே வருடக்கணக்கில் எழுதியவர்கள் பலருக்கு அது பெரிய அடி. அதற்குள் எல்லோரும் கைப்பேசிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், உலாவியின் தலையில் உட்காரும் பட்டைக்கு அங்கே இடமே இல்லை. ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் பக்கங்களைத் தாங்களே கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்துவிட்டன. 2013-இல் ஆட்குறைப்பு. கேம்ப்பின் பெயரோ அதற்குள் ஊபரால் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது; ஊபரைத் தொடங்கியதும் அதே 2009-இல்தான். கடைசியில் 2018 ஜூன் 30-ஆம் தேதி ஸ்டம்பிள்அப்பானை மூடி, கணக்குகளை மிக்ஸ் என்ற புதுச் சேவைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். 4 கோடிப் பேருக்குக் கிட்டத்தட்ட 6,000 கோடி முறை பக்கங்களைக் காட்டியதாக கேம்ப் அப்போது எழுதினார். திரும்ப வாங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்பது வருடம். இணையத்தில் அது சின்ன ஆயுள் இல்லை.

யாகூவிடம் மாட்டிக்கொண்ட டெலிஷியஸைப் பாருங்கள், இதற்கு நேர் எதிர். சுட்டிகளைக் குறிச்சொல் போட்டுச் சேமித்து, மற்றவர்கள் சேமித்ததையும் பார்க்கிற தளம். ஜோஷுவா ஷாக்டர் 2003-இல் உண்டாக்கியதை 2005 டிசம்பரில் யாகூ வாங்கியது. ஐந்து வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2010 டிசம்பரில் யாகூவின் உள்கூட்டத்துப் படம் ஒன்று வெளியே கசிந்தது, மூடப் போகிற சேவைகளின் பட்டியலில் டெலிஷியஸ் பெயரும் இருந்தது. பிறகு, மூடவில்லை, வேறு இடம் தேடுகிறோம் என்றார்கள். அந்தச் சில நாட்களிலேயே ஜனங்கள் சுட்டிகளை மூட்டை கட்டிக்கொண்டு பின்போர்டு போன்ற சின்னத் தளங்களுக்குப் போய்விட்டார்கள். யூடியூபைத் தொடங்கிய சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும் 2011-இல் டெலிஷியஸை வாங்கினார்கள், பெரிய பெயர்கள்தான், ஆனால் அவர்கள் முகப்பைத் தலைகீழாக மாற்ற, மிச்சமிருந்த பழைய ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். கை மாறி கை மாறி 2017-இல் அதே பின்போர்டை நடத்தும் தனி மனிதர் 35,000 டாலருக்கு வாங்கிக்கொண்டார். 2005-லேயோ, இல்லை 2008-லேயாவது, 'எங்களுக்கு இது எதற்கு' என்று யாகூவில் ஒருவர் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். விற்றது தப்பில்லை. ஐந்து வருடம் தாமதித்து, அதுவும் விஷயம் கசிந்து எல்லோரும் ஓடிய பிறகு விற்றதுதான் தப்பு.

டெலிஷியஸ் கை மாறியபோது நடந்த இன்னொரு விஷயத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். உங்கள் சுட்டிகள் புது உரிமையாளருக்குப் போகலாமா என்று ஒவ்வொரு பயனரையும் கேட்டார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். கேட்டது ரொம்ப நியாயமான காரியம். விற்கப்படுவது நம்முடைய உழைப்பும்தானே. ஆனால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தவர்களுக்கு அது தெரியாமலே போனது, அவர்கள் சேர்த்தது அப்படியே கிடந்துபோனது.

தமிழில் நமக்கு இந்த மாதிரி பேரமே நடந்ததில்லை என்பது என் மனக்குறை. 2004-இல் தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் வந்தபோது, யார் புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் பார்க்க முடிந்தது. இடுகைக்குக் கீழே ஓட்டுப் பட்டை. மற்ற திரட்டிகளும் பின்னாலேயே வந்தன. பென்னாகரத்தில் இருந்து ஒருவர் எழுதுவதை டொராண்டோவில் இருப்பவர் அன்றைக்கே படித்தார் என்றால் அந்தத் திரட்டிகள்தான் காரணம், தன்னார்வலர்கள் தங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடத்தியவை. அவை ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது வாங்க ஒரு ஈபேயும் இல்லை, திருப்பி எடுக்க முதலீட்டாளரும் இல்லை. எந்த இடுகைக்கு எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள், எதைப் பரிந்துரைத்தார்கள் என்ற அத்தனை வருடத்து ரசனைப் பதிவும் ஏதோ ஒரு சர்வரோடு போய்விட்டது. அந்தக் காலத் தமிழ் எழுத்தில் எது நல்லது என்று இன்றைக்கு ஒருவர் தேடினால், கூகுளில் மிஞ்சியிருப்பதுதான் கிடைக்கும். எழுதியது கொஞ்சம் பிழைத்திருக்கிறது. படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது பிழைக்கவில்லை.

அதனால்தான் பாக்கெட் மூடியபோது நான் முதலில் கவனித்தது என்ன எடுத்துப் போக விடுகிறார்கள் என்பதை. சிஎஸ்வி என்கிற அட்டவணைக் கோப்பு ஒன்று கொடுத்தார்கள், இறக்கிக்கொள்ளச் சில மாதம் அவகாசமும் கொடுத்தார்கள். திறந்து பார்த்தேன். தலைப்பு, முகவரி, சேர்த்த நேரம், குறிச்சொல், படித்ததா இல்லையா, அவ்வளவு கட்டங்கள். சேர்த்த நேரம் வெறும் நீள எண்ணாக இருக்கிறது, மாற்றிப் பார்த்தால்தான் தேதி தெரியும். எல்லா முகவரியையும் சோதித்துக்கொண்டிருக்கிறேன், பழையவற்றில் நிறைய செத்துப்போயிருக்கின்றன, சிலவற்றின் முகவரியில் இப்போது சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. சிலதை, பழைய பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடி எடுக்க முடிகிறது. இது மொசில்லா செய்த நல்ல காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த நம் ஊரில் எதுவும் இல்லை.

ஐரோப்பாவில் இருக்கிறது. 2018 மே 25 முதல் அமலுக்கு வந்த அவர்களுடைய தரவுப் பாதுகாப்பு விதிகளில் 20-ஆவது பிரிவு, ஒருவர் ஒரு சேவைக்குக் கொடுத்த தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் திரும்ப வாங்கி வேறு சேவைக்குக் கொண்டுபோகும் உரிமையைக் கொடுக்கிறது. இந்தியாவிலும் 2019-இல் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவில் அந்த உரிமை எழுதப்பட்டிருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அதைக் காணோம். நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்ல வழியில்லை.

எனக்கு வேண்டியது அந்தப் பிரிவு திரும்ப வர வேண்டும் என்பதுதான். கம்பெனி விற்கட்டும், வாங்கட்டும், மூடட்டும், அது அவர்கள் வியாபாரம். நாம் போட்ட ஓட்டும் கட்டைவிரலும் சேர்த்து வைத்த சுட்டியும், அடுத்து வருகிறவரிடம் போவதற்கு முன்னால் நம் கையில் ஒரு பிரதியாக வந்திருக்க வேண்டும், சட்டப்படி, கேட்காமலேயே. தர்மபுரி, கிருஷ்ணகிரி எம்.பி.க்கள் இருவருக்கும் இதைக் கடிதமாக எழுதி அனுப்பப் போகிறேன். இரண்டு பக்கத்துக்குள் அடக்கி, டெலிஷியஸையும் ஸ்டம்பிள்அப்பானையும் உதாரணமாக வைத்து, 2019 மசோதாவில் இருந்த வாசகத்தை அப்படியே சேர்த்து. வரைவு முடிந்ததும் இங்கேயே போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் தொகுதி எம்.பி.க்கும் அனுப்பிக்கொள்ளலாம்.